தெற்கின் நண்பகல்

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது. எங்கள் மையத்தில் தருகிற பேனாவை வரிக்கு ஒருமுறை உதற வேண்டும். வாயால் சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்டபோது நான் மாட்டேன் என்றது பிடிவாதத்தால் அல்ல. பேசத் தொடங்கினால் எனக்கு எரிச்சல் வந்துவிடுகிறது. எரிச்சலோடு பேசுகிறவன் எதைச் சொன்னாலும் குற்றவாளி மாதிரித்தான் இருக்கும். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

முதலில் என் வேலை. நேற்று விசாரணையில் உங்களில் ஒருவர் என்னை வானிலைக்காரர் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் சொந்தக்காரர்களே துணி காயப்போடலாமா வேண்டாமா என்று என்னைத்தான் கேட்பார்கள். மழைக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மேகங்களுக்கு வெகு மேலே, காற்று இருந்தும் இல்லாத மாதிரி மெலிந்துபோன உயரத்தில், வெயில் பட்டு எலக்ட்ரான்கள் உதிர்ந்து மிதக்கும் ஓர் அடுக்கு இருக்கிறது. அயனி மண்டலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள், தேர்வு முடிந்த மறுநாள் மறந்திருப்பீர்கள். கப்பலும் விமானமும் தீவும் வெகுதூரம் பேசுகிற சிற்றலை வானொலி, அந்த அடுக்கில் பட்டுத்தான் பூமிக்குத் திரும்புகிறது. அடுக்கு அடர்த்தியாக இருந்தால் உயர்ந்த அலைவரிசைகளும் திரும்பி வரும். அடுக்கு மெலிந்திருந்தால் அவை அதைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். கீழே ஈ காக்கைக்குக்கூடக் கேட்காது. அப்போது தாழ்ந்த அலைவரிசையில்தான் பேச வேண்டும். இவ்வளவு தெரிந்தால் போதும், மீதி எல்லாம் புரிந்துவிடும்.

எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த அலைவரிசை எடுபடும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் எங்கள் மையத்தின் பிழைப்பு. சொல்வது ஒரு மாதிரி, அதாவது வானத்தின் நடப்பைக் கணக்குப் போட்டுக் காட்டும் கணினி நிரல். அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு, யாரும் சொல்வதில்லை. அலுவலகத்தில் அதைப் பெரியவர் என்பார்கள். "பெரியவர் இன்னைக்கு என்ன சொல்றாரு?" என்று கேட்டுக்கொண்டுதான் காலையில் உள்ளே வருவார்கள். மரியாதையும் கிண்டலும் சரிபாதி. அந்தப் பெரியவரை எழுதியவன் நான். மீசை கருப்பாக இருந்த காலத்தில் தொடங்கினேன். இப்போது நரைக்க மிச்சமில்லை. நடுவில் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லித் தங்கை நச்சரித்துக்கொண்டே இருந்தாள். இந்த வருடம் போகட்டும் என்று ஒவ்வொரு வருடமும் சொன்னேன். அவளுக்கே அலுத்துவிட்டது.

பெரியவருக்கு வடக்கு அத்துப்படி. வடக்கில் நிலம் அதிகம், ஆள் அதிகம், வானத்தை நோக்கி வைத்த கருவிகளும் அதிகம். தெற்கில் கடல். கடலில் எங்கே கருவி வைப்பது? ஆகவே நான் வடக்கின் அளவுகளை எடுத்து, ஆறு மாதம் தள்ளித் தெற்குக்குப் போட்டேன். வடக்கின் கோடை தெற்கின் கோடை ஆயிற்று, வடக்கின் குளிர்காலம் தெற்கின் குளிர்காலம் ஆயிற்று. ஒரு சட்டையைத் திருப்பிப் போடுகிற மாதிரிதான். தொடங்கும்போது அது நியாயமான வேலை. வேறு எதுவும் கையில் இல்லாதபோது கையில் இருப்பதை வைத்துத்தானே எதையும் செய்ய முடியும்.

தெற்கு அதற்கு ஒத்துவரவில்லை. தெற்கின் காந்த முனை, பூமியின் முனையை விட்டு வடக்கைக் காட்டிலும் அதிகமாக விலகி நிற்கிறது. அதனால் மேல் அடுக்கில் காற்று தள்ளுவதும் எலக்ட்ரான் சேர்வதும் கரைவதும் அங்கே வேறு மாதிரி. இரண்டு அரைக்கோளங்களும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் இல்லை. இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. ஆனால் தெரிந்ததை எல்லாம் மாதிரிக்குள் போட முடியாது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று உடையும். தெற்கைத் தொட்ட ஒவ்வொரு முறையும் வடக்கில் ஏதோ ஒன்று கோணலாகிப் போனது. ஜன்னல் இல்லாத அறையில், ஏசி சொட்டுகிற பக்கெட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நான் எத்தனை முறை தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பேன் என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பல மையங்களின் மாதிரிகளை ஒரு குழு ஒப்பிட்டுப் பார்க்கும். வடக்குக்கும் தெற்குக்கும் உள்ள வேறுபாட்டை யார் சரியாகப் பிடித்திருக்கிறார்கள் என்பதற்குத் தனியாக மதிப்பெண். சென்ற முறை அதில் எங்களுக்குக் கீழே ஒரே ஒரு மாதிரிதான் இருந்தது. அது கல்லூரி மாணவர்கள் செய்தது. எங்கள் இயக்குநர் நல்ல மாதிரியான பெண்மணி, கத்த மாட்டார். என்னை உட்காரவைத்து, மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்.

"அடுத்த தடவையும் இப்படியே வந்தா, வெளியிலேருந்து ஒரு மாதிரியை வாங்கிப் போட்டுக்கலாம்னு மேல பேசிக்கறாங்க சார். நான் தடுத்துப் பாக்கறேன். எவ்வளவு தூரம் முடியும்னு தெரியல."

பெரியவரைத் தூக்கிப் போட்டால் எனக்கு என்ன மிஞ்சும் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் தெற்குக் கடலில் ஒரு தீவில் கருவி வைக்க ஏற்பாடாயிற்று. வானத்தை நோக்கி வானொலித் துடிப்புகளை அனுப்பி, எது திரும்பி வருகிறது என்று பார்த்து அடர்த்தியை அளக்கும் கருவி. அங்கே போய் அதை நிறுத்தி நடத்த ஓர் ஆள் வேண்டும். குளிர், காற்று, கூட ஒரு மெக்கானிக்கைத் தவிரப் பேச நாதியில்லை. எல்லோரும் தயங்கியபோது மாப்பிள்ளை கையைத் தூக்கினார். மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர், எங்கள் மையத்திலேயே ஆண்டெனாப் பொறியாளர். எதையும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார். என் வீட்டுக் கதவு கிறீச்சிடுகிறது என்று ஒருநாள் வந்து கீலை மாற்றினார். போகும்போது, "இனிமே ஆயுசுக்கும் கவலை இல்ல மச்சான்" என்றார். கதவு விஷயத்தில் அது சரிதான். ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று தங்கைக்கு வாக்குக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார்.

அவர் அனுப்பிய முதல் அளவுகள் வந்தபோது நான் சிரித்தேன். கோடைக்காலம். நண்பகலில் வானம் மெலிந்து கிடந்தது, இரவில் அடர்ந்திருந்தது. வெயில்தான் எலக்ட்ரானை உண்டாக்குகிறது. பகலில் குறைந்து இரவில் கூடுகிறது என்றால் யார் நம்புவார்கள்? செயற்கைக்கோள் வழியாகத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"மாப்பிள்ளை, உங்க கருவியோட கடிகாரம் பகலை ராத்திரிங்குது. பன்னெண்டு மணி நேரம் தள்ளி வச்சிருக்கீங்க."

"மச்சான், ஜன்னல் வழியா சூரியன் என் மூஞ்சியில அடிக்குது. பகலா ராத்திரியான்னு தெரிஞ்சுக்க எனக்குக் கடிகாரமே வேண்டாம்."

"ஒரு தடவை பாத்துடுங்களேன்."

"பாத்துட்டேன். ரெண்டு தடவை பாத்துட்டேன். இங்க வானமே அப்படித்தான் இருக்கு."

நான் அவரை நம்பவில்லை. உள்ளே வரும் அளவுகளுக்கு ஒரு விதி எழுதினேன்: தீவின் அளவில் நண்பகலைவிட நள்ளிரவு அடர்த்தியாக இருந்தால், கடிகாரம் தவறு என்று கொண்டு பன்னிரண்டு மணி நேரம் நகர்த்திக்கொள். நகர்த்தியதும் அளவுகள் பெரியவர் சொன்னதோடு அச்சு அசலாகப் பொருந்தின. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு தெற்கு எனக்குத் தலையாட்டியது. அன்று நான் அலுவலகத்தில் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன். அதுவரை நான் செய்தது தவறு மட்டும்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குளிர்காலம் வந்தது. தீவின் அளவுகள் இப்போது பகலில் கூடி இரவில் குறைந்தன, ஒழுங்காக, எந்த விதியும் இல்லாமலே. கடிகாரம் உண்மையிலேயே தவறாக இருந்திருந்தால் குளிர்காலத்திலும் தவறாகத்தானே இருக்க வேண்டும். கோடையில் கெட்டு, குளிர்காலத்தில் தானாகக் குணமாகிற கடிகாரம் உலகத்தில் இல்லை. மாப்பிள்ளை சொன்னது சரி. அந்தத் தீவின் மேல் கோடை வானம் அப்படித்தான். என் பெரியவர்தான் தெற்கில் தலைகீழாக நிற்கிறார்.

விதியை எடுத்திருக்கலாம். எடுத்தால் ஒப்பீட்டில் மறுபடியும் அடிமட்டம்தான். அதற்கு மேல் தெற்கை முதலிலிருந்து எழுத வேண்டும், அதற்கு வருடங்கள் ஆகும், அத்தனை வருடங்கள் எனக்கு யாரும் தரப்போவதில்லை. விதியை விட்டுவைத்தேன். குளிரில் கடிகாரம் சரியாக ஓடுகிறது, வெப்பம் கூடினால் பிசகுகிறது என்று ஒரு விளக்கமும் எழுதிச் சேர்த்தேன். அதைப் படித்த யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஒருவேளை சொல்லியிருப்பேன். கேட்காதது அவர்கள் தவறு என்று நான் சொல்ல வரவில்லை.

மாப்பிள்ளைக்கு விஷயம் எப்படியோ எட்டியது. தன் அளவுகளை மையத்தின் இணையப் பக்கத்தில் பார்த்திருக்கிறார், எல்லாம் திரும்பிக் கிடந்திருக்கின்றன. கூப்பிட்டார். அவர் குரலில் கோபம் வந்தால் வேகம் குறையும்.

"யாருக்கு மச்சான் காது குத்தறீங்க? என் கடிகாரம் செயற்கைக்கோள் நேரத்தோட ஓடுது. வெப்பத்துல பிசகுமா அது? நான் குழுவுக்கு எழுதப் போறேன்."

"எழுதுங்க. ஆனா ஒரே ஒரு கோடையை வச்சு எழுதுனா யாரும் ஏத்துக்க மாட்டாங்க. இன்னொரு கோடை பாத்துடலாம். தனியா ரெண்டாவது கடிகாரம் ஒண்ணு அனுப்பி வைக்கறேன். ரெண்டும் ஒண்ணையே சொன்னா நானே உங்களோட சேந்து கையெழுத்துப் போடறேன்."

மெக்கானிக் பின்னால் எதையோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தது கேட்டது.

"அவகிட்ட வந்துடறேன்னு சொல்லியிருக்கேன் மச்சான்."

"அதை நான் பாத்துக்கறேன்."

நான்தான் பார்த்துக்கொண்டேன். தங்கை பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் இருக்கிறாள். அவள் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போனேன். கதவருகில் செருப்பு அடுக்கில் அவருடைய ஷூ மட்டும் துடைத்து வைத்திருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றுகொண்டே கேட்டாள்.

"அவரா இருக்கேன்னு சொன்னாரா, நீங்க இருக்கச் சொன்னீங்களா அண்ணா?"

"வேலைம்மா. அவர் இல்லாம நடக்காது."

"உங்க ரெண்டு பேருக்கும் அந்தப் பெரியவர்தான் குடும்பம்" என்றாள். சொல்லிவிட்டு எனக்குக் காப்பி போடப் போனாள். அவள் குணம் அப்படி.

இரண்டாவது கோடையில்தான் குழுவின் தேர்வுக் காலம் வந்தது. அதன் நிபந்தனைகளை நான் விளக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்குக் கிறுக்குத்தனமாகத் தெரியும். தேர்வு முடியும் நாள் வரை மாதிரி சொன்னதைக் கையால் திருத்தக் கூடாது. திருத்தினால் போட்டியிலிருந்து விலக்கு. அந்தக் கடலில் போகும் கப்பல்கள் எந்த அலைவரிசையில் யாரோடு பேச முடிந்தது என்ற பதிவும் குழுவுக்குப் போகும். மாதிரி சொன்னதற்கு மாறான அலைவரிசையில் தொடர்பு கிடைத்தால் மதிப்பெண் குறையும். தொடர்பே கிடைக்காவிட்டால் யாரும் கூப்பிடவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். மௌனத்துக்கு மதிப்பெண் குறையாது.

இந்தக் காலத்தின் நடுவில் தீவில் புயல் அடித்து, செயற்கைக்கோள் டிஷ் சாய்ந்துவிட்டது. அளவுகள் வருவது நின்றது, தொலைபேசியும் நின்றது. இதற்கு முன்பும் அப்படி ஆனதுண்டு. சில நாட்களில் மாப்பிள்ளை ஏறி நிமிர்த்திவிடுவார், அதனால் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. டிஷ் இல்லாத நாட்களில் நண்பகலில் சிற்றலை வானொலியில் கப்பலைக் கூப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. சரக்குக் கப்பல் ஒன்று மருத்துவரையும் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கமாக வேறொரு நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. எந்த அலைவரிசையில் கேட்க வேண்டும் என்று அதற்குச் சொன்னது பெரியவர். கோடை நண்பகல், வானம் அடர்த்தி, உயர்ந்த அலைவரிசையில் கேள் என்று சொல்லியிருந்தார்.

கப்பலுக்குச் செயற்கைக்கோள் தொலைபேசி உண்டு. கேப்டன் என்னோடு நேரே பேசினார்.

"சார், தீவுலேருந்து ஒரு சத்தமும் இல்ல. நீங்க குடுத்ததுலதான் கேக்கறோம். கொஞ்சம் கீழ எறக்கிக் கேட்டுப் பாக்கட்டுமா?"

"வேண்டாம். அதுதான் சரியான அலைவரிசை. அதுல கேக்கலைன்னா அவங்க கூப்பிடலைன்னு அர்த்தம்."

"அப்ப நாங்க போயிட்டு, திரும்பி வரும்போது தீவைப் பாத்துக்கலாமா?"

"போயிட்டு வாங்க."

கேப்டன் நன்றி சொன்னார். மரியாதையான மனிதர். அவர் மீது எந்தத் தவறும் இல்லை, அவரை நீங்கள் மறுபடி மறுபடி அழைத்து விசாரிப்பது வீண்.

தேர்வுக் காலம் முடிந்தது. முடிந்த அன்றே, குழுவின் கணினி எங்கள் கணிப்புகளைப் பெற்றுக்கொண்டதாகத் தகவல் வந்த கையோடு, நான் கேப்டனைக் கூப்பிட்டுத் தாழ்ந்த அலைவரிசையில் கேட்கச் சொன்னேன். மறுநாள் வரை தள்ளிப்போடவில்லை. மறுமுனையில் மெக்கானிக் உடனே கிடைத்தார். கப்பல் திரும்பியது. அதற்குள் மாப்பிள்ளை போய்விட்டிருந்தார். அப்பெண்டிக்ஸ் வெடித்து, வயிறு முழுவதும் சீழ் பரவியிருந்ததாம். முதல் நாட்களிலேயே கப்பல் வந்திருந்தால் சின்ன அறுவை சிகிச்சை என்று அந்த மருத்துவர் சொன்னார். மருத்துவர்கள் பிறகு வந்து அப்படித்தான் சொல்வார்கள்.

வடக்குத் தெற்கு வேறுபாட்டில் எங்களுக்கு முதலிடம் கிடைத்தது. தகவல் வந்த அன்று தங்கை வீட்டில் துக்கம் கேட்க வந்த ஆட்கள் நிறைந்திருந்தார்கள். இயக்குநர் என்னை மாடிப்படிக்குப் பக்கத்தில் அழைத்துக் காதோடு சொன்னார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பிறகு உள்ளே போய்த் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அழுது ஓய்ந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, அவர் கூப்பிட்டிருப்பாரா?" என்றாள்.

"கூப்பிட்டிருந்தா கேட்டிருக்கும்மா" என்றேன்.

அவளுக்கு அது வேண்டியிருந்தது.

அதன் பிறகு நான் செய்ததை உங்கள் விசாரணையில் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு வருத்தம். முதலிடம் வந்ததும் பெரியவருக்கு உயிர்ப்பிச்சை கிடைத்துவிட்டது. நேரமும் ஆளும் கொடுத்தார்கள். நான் அந்தக் கடிகார விதியைப் பிடுங்கி எறிந்தேன். தெற்கை முதலிலிருந்து எழுதினேன். அடுத்த கோடைக்குள் தீவின் நண்பகல் எவ்வளவு மெலியும், இரவு எவ்வளவு அடரும் என்பதைப் பெரியவர் மயிரிழை பிசகாமல் சொன்னார். கப்பல்களிலிருந்து பாராட்டு வந்தது. இன்று அந்தக் கடலில் யாராவது உதவிக்குக் கூப்பிட்டால் கேட்கும். மாப்பிள்ளை ஆசைப்பட்டது அதைத்தான், நான்தான் அதைச் செய்து முடித்தேன்.

இயக்குநர் அதை மேலிடத்துக்குக் காட்டத் தயார் செய்துகொண்டிருந்தார். தீவின் அளவுகளைப் புள்ளிகளாகப் போட்ட படம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், இந்த நாட்கள்ல டிஷ் விழுந்து கிடந்தது. தீவுலேருந்து ஒண்ணுமே வரலையே. இந்தப் புள்ளிகளெல்லாம் உங்களுக்கு எங்கேருந்து வந்தது?"

அந்தப் புள்ளிகளை நான் சேர்க்காமல் விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டு நாள் யோசித்துத்தான் சேர்த்தேன். அந்தக் கோடையில் எனக்குக் கிடைத்தவற்றிலேயே மிகச் சுத்தமான அளவுகள் அவை. மாதிரி எழுதுகிற ஒருவன் நல்ல அளவைத் தூக்கி எறிய மாட்டான். அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

பதிலை இப்போது எழுதிவிடுகிறேன். தெற்குத் துறைமுகம் ஒன்றில் எங்கள் மையத்துக்கு ஒரு வானொலி ஏற்பி இருக்கிறது. அதை என் மேசையிலிருந்தே இணையம் வழியாக வேண்டிய அலைவரிசைக்குத் திருப்பலாம். டிஷ் விழுந்த மறுநாள், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நண்பகல் அழைப்புக்காகக் காத்திருந்தேன். மாப்பிள்ளை ஒழுங்கானவர். முதலில் கப்பல் கேட்கும் உயர்ந்த அலைவரிசையில் கூப்பிடுவார், பிறகு ஒவ்வொரு படியாகக் கீழே இறங்குவார் என்று எனக்குத் தெரியும். நானும் கூடவே இறங்கினேன். மேலே ஒன்றும் இல்லை. அதற்குக் கீழேயும் இல்லை. அடுத்ததில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு சத்தம். அதற்கு அடுத்ததில் பக்கத்து அறையில் பேசுவது போல அவர் குரல்.

"தீவு நிலையம் பேசறேன். வயித்துவலி தாங்க முடியல. டாக்டர் வேணும். யாராவது கேக்கறீங்களா?"

எது கேட்கவில்லை, எது கேட்கிறது, இரண்டுக்கும் நடுவே எங்கே மாறுகிறது என்று தெரிந்தால், அந்த நேரத்தில் வானம் எவ்வளவு அடர்த்தி என்று கணக்கிட்டுவிடலாம். கருவி செய்கிற அதே வேலையைத்தான் அவர் தன் குரலால் செய்துகொண்டிருந்தார். அது அவருக்குத் தெரியாது. நான் அளவைக் குறித்துக்கொண்டேன். அன்று மாலைதான் கேப்டன் என்னைக் கூப்பிட்டார். அவரிடம் என்ன சொன்னேன் என்பதை மேலே எழுதிவிட்டேன்.

பதில் பேச அந்த ஏற்பியால் முடியாது. கேட்க மட்டும்தான் முடியும். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த நாளும் கேட்டேன். அதற்கடுத்த நாள் அவர் மேலிருந்து இறங்கி வரவில்லை, நேராக அந்தத் தாழ்ந்த அலைவரிசைக்கே வந்துவிட்டார். அளவுக்கு அது இடைஞ்சல். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. குரல் மெலிந்திருந்தது.

"மச்சான், கப்பல் இதுல கேக்காதுன்னு எனக்குத் தெரியும். நீங்க கேப்பீங்க. எது சரின்னு தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். அவங்ககிட்ட சொல்லுங்க மச்சான். குழுவுக்கு நான் எதுவும் எழுதல. எழுதவும் மாட்டேன். கப்பல்கிட்ட மட்டும் சொல்லிடுங்க."

தேர்வு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. திடமான ஆள், தாங்கிவிடுவார் என்று நினைத்தேன். வலியோடும் மேலிருந்து கீழே முறையாகக் கூப்பிடும்படி மெக்கானிக்கிடம் சொல்லியிருப்பார் போல. அடுத்த நாளிலிருந்து கூப்பிட்டது மெக்கானிக், படிப்படியாக, ஒன்றும் விடாமல். அளவுகள் மறுபடி நேர்த்தியாக வந்தன. கடைசி நாளில் மெக்கானிக் டாக்டர் வேண்டும் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, கப்பல் வந்தால் போதும் என்றார். எனக்குப் புரிந்தது.

நான் அவரைக் கொன்றேன் என்று நீங்கள் எழுதிக்கொள்வதை நான் மறுக்கப்போவதில்லை. கேட்டேன், தெரிந்தது, சொல்லவில்லை. கையெழுத்தும் கீழே போட்டுவிடுகிறேன். ஆனால் வெளியே இருட்டுக்குள் கூப்பிட்டு யாருக்கும் கேட்காமல் செத்துப்போன மனிதர் என்று அவரைப் பற்றிச் செய்தித்தாளில் எழுதியிருக்கிறார்கள், அது சரியல்ல. அவர் கூப்பிட்ட ஒவ்வொரு அழைப்பையும் நான் முழுதாகக் கேட்டேன், ஒன்றுகூட வீணாகவில்லை, எல்லாம் மாதிரிக்குள் இருக்கிறது. தங்கையைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை என்கிறீர்கள். நீங்கள் பார்த்தால் இதை மட்டும் அவளிடம் சொல்லுங்கள், அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.